படகுக்கு ஞானத்தகப்பனாக இருந்திருக்க வேண்டியவர்

எங்கள் கடலோர ஊர் பார்ரா செக்காவில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. இதைப் பொய் என்று எவனாவது சொன்னால் அவனோடு நான் சண்டைக்கு வருவேன். ஒருவர் ஆசையாகக் கூப்பிடும்போது வருகிறேன் என்று சொல்வது மரியாதை. போவதும் போகாததும் அப்புறம் உள்ள விஷயம். சொல்கிறவன் வருவானா மாட்டானா என்பது அவன் குரலிலேயே தெரிந்துவிடும். எங்கள் ஊர்ப் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாத ஆள் ஒருவர்தான் இருந்தார்.

அவர் கனடாக்காரர். பெயர் ஹார்லன். மரியாதைக்கு முன்னால் ஒரு தோன் சேர்த்து, எங்கள் வாய்க்கு வந்தபடி தோன் ஆர்லான் ஆக்கிவிட்டோம். வருஷத்தில் ஆறு மாதம் பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். பெண்டாட்டி செத்துப்போனாள், பிள்ளை இல்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு பெட்டியும் ஒரு மடக்கு நாற்காலியுமாக வந்து, என் வீட்டுக்கு அடுத்த வீட்டை வாடகைக்குப் பிடித்தார். மேட்டுப் பக்கம் இன்னும் நாலைந்து வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். சீட்டாடுவார்கள், குடிப்பார்கள், தண்ணீர் வரவில்லை என்று புலம்புவார்கள். இவர் அங்கே இரண்டு தடவை போனார், மூன்றாம் தடவை போகவில்லை. "அங்கே எல்லோரும் தங்கள் ஊரைப் பற்றியே பேசுகிறார்கள்" என்றார். எங்கள் பாஷையை அவர் புத்தகத்தில் அச்சடித்த மாதிரிதான் பேசுவார்.

காலை ஏழு பத்துக்கு அவர் கதவு திறக்கும். ஏழு பதினொன்று என்று ஒருநாள் கிடையாது. கரைக்கு வந்து, படகுகள் திரும்பும்போது இழுக்கிற கயிற்றில் கை வைப்பார். இடுப்பு ஒத்துழைக்காது, ஆனாலும் கை வைப்பார். யாராவது வஞ்சிரம் ஒன்றை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அதை எப்படி அறுப்பது என்று கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வருஷம் ஆனது. என் மனைவி எவெலியா அவர் அறுத்த மீனைப் பார்த்து, "இது கத்தியால அறுத்ததா, கடிச்சுக் குதறினதா?" என்று கேட்டாள். "கடித்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்" என்றார் அவர். அன்றிலிருந்து அவள் அவர் கட்சி.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்ததே என் வாய் மரியாதையால்தான். அவர் வந்த புதிதில், வழியில் பார்த்தவன் சும்மா இருக்காமல், "ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல சாப்பிட வாங்க தோன் ஆர்லான், உங்க வீடு மாதிரி" என்றேன். அவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, "எத்தனை மணிக்கு?" என்றார். வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன். "பன்னெண்டு."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மச்சான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறார். தலையைப் படிய வாரி, கையில் கேக். எவெலியா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போகாதது என் அதிர்ஷ்டம். "யோவ், சோளரொட்டிக்குக்கூட மாவு இல்லய்யா" என்று கொல்லைப் பக்கம் போய்ப் பல்லைக் கடித்தாள். கோழியைப் பிடித்து அடித்து, குழம்பு வைத்து, அவர் சாப்பிடும்போது மணி மூன்று. அவ்வளவு நேரமும் அவர் நாற்காலி நுனியில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். தன்னை அப்படிக் கூப்பிட்டு யாரும் சோறு போட்டதில்லை என்று போகும்போது சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு அவருக்கு எங்கள் வீட்டில் தட்டு.

கொம்பாத்ரே உறவு என்று எங்களிடம் ஒன்று உண்டு. என் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கிறவன் எனக்குக் கொம்பாத்ரே. கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு கூடாது. நோயில் விழுந்தால் கட்டிலருகே இருக்க வேண்டும், செத்தால் பெட்டியைத் தூக்க வேண்டும். பிள்ளைக்குத்தான் என்றில்லை. கல்யாணக் கேக்குக்கு, புது வீட்டுக்கு, குளிர்பெட்டிக்குக்கூட ஞானத்தகப்பன் வைப்போம். ஆனால் எல்லாவற்றிலும் பெரியது படகு. பாதிரியார் தீர்த்தம் தெளிக்க, ஞானத்தகப்பன் முனையில் நாடா கட்டி, ஆப்பிள் மது பாட்டிலை அங்கேயே உடைப்பான். தீர்த்தம் பட்ட உறவு அது, சாகிறவரை போகாது.

கிழவர் ஒருவர் செத்தபோது அவருடைய ஏழு கொம்பாத்ரேக்கள் பெட்டிக்குத் தோள் கொடுத்ததைத் தோன் ஆர்லான் பார்த்தார். திரும்பி வரும் வழியில் கேட்டார்.

"நிக்கானோர், ஒருவருக்குக் கொம்பாத்ரே ஆவதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். கூப்பிடணும், அவ்ளோதான்."

"என்னைத் தூக்க இங்கே யாரும் இல்லை" என்றார். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. பேருந்தில் இன்றைக்கு ஒரு பிள்ளை குறைகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அப்படி ஒரு மனுஷன் சொல்லும்போது சும்மா நடக்க முடியுமா? "அட, என்ன தோன் ஆர்லான், என் அடுத்த படகுக்கு நீங்கதான் ஞானத்தகப்பன். வேற யாரு?" என்றேன். எனக்கு அப்போது அடுத்த படகு என்ற நினைப்பே இல்லை. அவர் நின்றார். நோட்டை எடுத்து எழுதினார். அடுத்த வாரம் அவர் சமையலறை அலமாரியில் ஆப்பிள் மது பாட்டில் ஒன்று இருந்தது. ஐந்து வருஷம் இருந்தது. தூசி தட்டுவார், திறக்க மாட்டார். யாராவது கேட்டால், "அது நிக்கானோருடைய படகுக்கு" என்பார்.

ஐந்தாம் வருஷம் படகு வந்தது. நிஜமான படகு, புது ஃபைபர், வெள்ளையும் பச்சையும். அதன் உடம்பைத் தேய்த்து வர்ணம் அடித்ததில் பாதி வேலை தோன் ஆர்லானுடையது. அந்தச் சமயத்தில் மீன் வாங்குகிற எவாரிஸ்தோ ஐஸ் வண்டியோடு வந்து நின்றான். படகைச் சுற்றி வந்து, என் தோளில் கை போட்டான்.

"படகு ஜோரா இருக்கே. ஞானத்தகப்பன் நான்தானே, கொம்பாத்ரே?"

ஐஸ் அவன் கையில். யார் மீனை முதலில் ஏற்றுவது என்பதும் அவன் கையில். முகத்துக்கு நேரே எப்படி முடியாது என்பேன்? "பின்ன? உங்கள விட்டா யாரு" என்றேன். இவருக்கும் சரி சொல்லியாயிற்று, அவனுக்கும் சரி சொல்லியாயிற்று.

எவெலியா விடவில்லை. "அந்த மனுஷன்கிட்ட இன்னைக்கே போய்ச் சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன்."

"உன் நாளைக்கு எந்த வருஷத்துல வரும்?"

உண்மையாகவே சொல்வதாகத்தான் இருந்தேன். தினமும் காலையில் அவர் ஏழு பத்துக்கு வந்து கயிற்றைப் பிடிப்பார், என் வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொள்ளும். அவரே புரிந்துகொள்வார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இத்தனை வருஷம் இருந்தவருக்குத் தெரியாதா என்று.

தெரியவில்லை. ஞானஸ்நானத்தன்று பத்து மணிக்குப் பூசை. பத்தாவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, அதே படிய வாரிய தலை, இரண்டு கையாலும் பிடித்த பாட்டில். படகு முனையில் எவாரிஸ்தோ நாடாவோடு நின்றிருந்தான். பாதிரியார் அவன் பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தோன் ஆர்லான் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"நான் நேரத்தைத் தவறாகக் குறித்துக்கொண்டேனா?" என்று கேட்டார்.

நான் அசடு வழிந்தேன். "இல்ல தோன் ஆர்லான், சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. வாங்க, சாப்பாடு இருக்கு."

அவர் கூட்டத்தில் கடைசியில் போய் நின்றார். எவாரிஸ்தோ பாட்டிலை உடைத்தபோது எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். கை தட்டுவதற்காகத் தன் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் ஏழு பத்துக்கு வந்தார். கயிற்றைப் பிடித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருஷம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தட்டுக்கு மட்டும், "வரப் பார்க்கிறேன்" என்று சொல்லத் தொடங்கினார். சில வாரம் வரமாட்டார். நோட்டு எடுப்பதை விட்டுவிட்டார். பேச்சும் மெல்ல எங்களைப்போல ஆகிவிட்டது. ஊரில் சிரித்தார்கள், கனடாக்காரர் நம்ம ஆளாகிவிட்டார் என்று. எவெலியா மட்டும் சிரிக்கவில்லை.

போன நவம்பரில் ஒருநாள் ஏழு பத்துக்குக் கதவு திறக்கவில்லை. ஏழரைக்கு நான் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மடக்கு நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உதடு நீலம். நானும் எவெலியாவும் வண்டியில் போட்டு டவுன் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு, உடனே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

"குடும்பத்து ஆளு ஒருத்தர் கூட ஏறலாம்" என்றாள் நர்ஸ். "நீங்க யாரு அவருக்கு?"

வரிசையில் எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கொம்பாத்ரே என்று சொல்லியிருந்தால் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஆனால் தீர்த்தம் படாத உறவைப் பட்டது என்று சொன்னால் அது பாவம், எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். எதற்கெடுத்தாலும் ஆமாம் ஆமாம் என்கிற என் வாய், அந்த ஒரு தடவை நேர்மையாக இருக்கப் பார்த்தது.

"பக்கத்து வீடு" என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் அதைக் கேட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு வர்றேன் தோன் ஆர்லான். மொத பஸ்ஸுக்கு வந்துடுறேன்."

"அதுக்கென்ன நிக்கானோர், வாங்க" என்றார், என் கையைத் தட்டிக்கொடுத்து. "அவசரமில்ல. காத்திருக்கேன்."

எங்கள் குரல். வரமாட்டாய் என்று தெரிந்தும் மனசு நோகாமல் சொல்கிற அதே குரல். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

வீட்டுக்கு வந்ததும் எவெலியா கேட்டாள், "படகுக்கு வாங்குன புது மோட்டார் கூடத்துல கெடக்கே, அதுக்கு யாரு ஞானத்தகப்பன்?" எனக்குப் பொறி தட்டியது. மோட்டாருக்கு வைக்கலாம்! எதற்கு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு அடுப்புக்கு வைத்திருந்தால்கூடப் போதும். அவர் வீட்டு அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அதில் தூசி இருந்தது. துடைத்து, துண்டில் சுற்றி, மறுநாள் முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேசையில் இருந்த பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன்.

"நீங்க?"

"அவரோட கொம்பாத்ரே" என்றேன் பலமாக.

அவள் காகிதத்தைப் புரட்டினாள். பிறகு எழுந்து நின்றுகொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"காலைல எட்டு மணிக்குங்க" என்றாள். "யாருமில்லன்னு எழுதியிருக்கே. யாராச்சும் வருவாங்களா, சொல்லி அனுப்பட்டுமான்னு அவர்கிட்ட நானேதான் கேட்டேன். ஊர்ல ஒருத்தர் வர்றேன்னு சொன்னாரு, அது சும்மா மரியாதைக்குச் சொன்னது, நீங்க யாரையும் எதிர்பார்க்க வேணாம்னு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதாங்க சொன்னாரு."

அவரை நகரத்திலேயே எரித்து, அண்ணன் மகன் யாரோ கேட்டான் என்று சாம்பலைப் பனி கொட்டுகிற ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். தூக்க இங்கே பெட்டி இல்லை. பாட்டில் இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எவெலியா அதைத் தொடுவதில்லை, தூசியை நான்தான் தட்டுகிறேன்.

போன வாரம் மோட்டாரைக் கரைக்குக் கொண்டுவந்தேன். எவாரிஸ்தோ ஐஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்து தோளில் கை போட்டான். "இதுக்கும் ஞானத்தகப்பன் நான்தானே, கொம்பாத்ரே?"

"முடியாது" என்றேன்.

கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எவாரிஸ்தோவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கு என் மீனை அவன் ஏற்றவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே ஆளிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.