சுட்டதே இல்லாத வெள்ளியங்கிரி அண்ணன்

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் வெள்ளியங்கிரி அண்ணன் டீக்கடைக்குக் கிளம்புவார். வாங்கிய செருப்பு வீட்டு வாசலில் புதுக்கருக்கு மாறாமல் கிடக்கும். திருச்செங்கோட்டுத் தார் ரோடு இளகுகிற நேரத்தில் அதன் நடுவே வெறுங்காலோடு நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை நிறுத்திக் கதை சொல்வார். செருப்புப் போட்ட நாம்தான் கால் மாற்றி நிற்போம். "என்ன சாமி, இதுக்கே நெளியறீங்க?" என்பார்.

போர்வெல் ரிக் வண்டியோடு பாதி ஆயுளை வடக்கே கழித்தவர். அவர் பேச்சை நம்பினால், விந்திய மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கிற அத்தனை பேரும் அவரைக் கும்பிட வேண்டும். இப்போது அவருடைய உத்தியோகம், மாரியம்மன் தீமிதியில் முதல் ஆளாக இறங்குவது. அது வருடத்துக்கு ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் அதைப் பற்றிப் பேசுவது உபரி வேலை. சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையும் போடுவார், ஜிலேபியும் சாப்பிடுவார். ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும் என்பது அவர் கணக்கு.

தீமிதிக்குக் காப்புக் கட்டிவிட்டால் 'சுடுது' என்ற சொல் வாயில் வரக்கூடாது. நெருப்புக் கங்கைப் 'பூ' என்றுதான் சொல்ல வேண்டும். சுட்டது என்றால் விரதத்தில் குறை என்று அர்த்தம். அந்த நாட்களில் காப்பி நாக்கைப் பொசுக்கினாலும் அண்ணன் சிரித்த முகமாக விழுங்குவார்.

இந்த வருடம் காப்புக் கட்டிய மறுநாள், அவர் மனைவி அத்தாயி அக்கா என்னிடம் வந்தார். "காலுல ஆணி ஏறி ஊடு பூரா ரத்தம் தம்பி. இந்த மனுசனுக்கே தெரியல. இந்தக் காலோட தீயில எறங்குனா என்னாகும்?" சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயாளிகளின் கால் நரம்பு சூட்டையும் வலியையும் எப்படி உணர்கிறது என்று ஆராய்ச்சி நடந்தது. என் காரில் அண்ணனை அங்கே அழைத்துப் போனேன். மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக வந்தார். ஆராய்ச்சியை அவர் ஒரு போட்டி என்றே நினைத்திருந்தார்.

டாக்டர் அகல்யா அவர் பாதத்தில் சின்னத் தகடு ஒன்றை வைத்துச் சூட்டை ஏற்றினார். சுட்டதும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அண்ணன் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல அசையாமல் இருந்தார். எல்லை வந்ததும் கருவி தானாக நின்றது.

"எப்பங்க அம்மணி ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சிருச்சுங்க ஐயா."

கோப்பை வாங்கிய பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இவர் பொறுத்துக்கொள்கிறாரா, இல்லை உணரவே இல்லையா என்று டாக்டருக்குச் சந்தேகம். கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவேன், தொடும்போது சொல்லுங்கள் என்றார். "தொட்டுட்டீங்க... இப்ப... இப்பவும்" என்று அண்ணன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். டாக்டரின் இரண்டு கையும் மடியில் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து அந்தக் கைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கால் மரத்துப்போனது மனுஷனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"கையில உணர்ச்சி நல்லா இருக்குதுங்க ஐயா. கால்லதான் போயிருச்சு. வெந்தாலும் தெரியாது. புண்ணு ஆறலைன்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

"எத்தன வருசமாங்க போயிருச்சு?"

"அதை எந்த டெஸ்ட்லயும் சொல்ல முடியாதுங்க."

இத்தனை வருடமும் காத்தது ஆத்தாவா, செத்த நரம்பா என்று அவர் யாரிடம் போய்க் கேட்பார்? எனக்கே பாவமாக இருந்தது. காரில் ஊருக்குத் திரும்பினோம். சங்ககிரி தாண்டியதும், "ஊருல சொல்லிப்போடாதீங்க சாமி" என்றார். நானும் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பத்திரிகையில்தான் எழுதுகிறேன்.

தீமிதி அன்று காலை, காப்புக் கட்டிய ஆள் செருப்புப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்துக் கூட்டம் வாயைப் பிளந்தது. கோயில் எல்லையில் அதைக் கழற்றினார். முதல் ஆளுக்கு வழிவிட்டு ஆண்கள் வரிசை ஒதுங்கியது. அண்ணன் அதைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போனார். அங்கே குண்டத்தில் இறங்காதவர்கள் ஓரத்தில் நின்று, கையால் கங்கை அள்ளிப் போடுவார்கள். பூ வாருவது என்று பேர். அத்தாயி அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இளவட்டங்கள் சிரித்தார்கள்.

குனிந்து இரண்டு கையையும் கங்கில் விட்டவர் துள்ளிப் பின்வாங்கினார்.

"ஐயோ, சுடுதுங்க!"

கோயிலே கேட்கிற மாதிரிக் கத்தினார். பூசாரி முறைத்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சிவந்த உள்ளங்கையை ஊதி ஊதிப் பார்த்தார், அக்காவிடம் காட்டினார். பிறகு, யாரும் தடுப்பதற்குள், மறுபடியும் குனிந்து கையை விட்டார்.