வெங்காயக் காட்டில் ஓர் ஆமை

வேப்பந்தட்டைப் பக்கம் நட்சத்திர ஆமைகள் எத்தனை இருக்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். பிடித்த ஆமைகளின் ஓட்டில் எண் எழுதி விட்டுவிடுவேன். அவற்றில் சில மறுபடி கிடைத்தால்தான் கணக்குப் போட முடியும். மாதக்கணக்கில் ஒன்றுகூடக் கிடைக்காமல், ஆய்வையே விட்டுவிட நினைத்திருந்தேன்.

அங்கே வெங்காயம் போட்டிருந்த செல்வி அக்கா ஒருநாள் போன் செய்தார்.

“நீங்க நம்பர் போட்ட ஆமை நம்ம காட்டுல குழி பறிக்குதுங்க. மோட்டாரை நிறுத்திட்டேன். வாங்க.”

ஓடினேன். ஈர மண்ணில் அது ஒவ்வொன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்தப் பாத்தி அதுக்கே இருக்கட்டும். குஞ்சு வந்தப்புறம் தண்ணி பாய்ச்சிக்கிறேன்” என்றார் அக்கா.

மழைக்குப் பின் குஞ்சுகள் வெளிவந்தபோது என்னை அழைத்ததும் அவர்தான். அதன்பிறகு இந்த ஆய்வை நான் தனியாகச் செய்வதாக ஒருநாளும் நினைத்ததில்லை.