ஏழே முக்கால் வரை காத்திருந்த கேக்

ஒரு வீட்டில் இரண்டு மணிக்கு விருந்துக்கு வரச் சொன்னால் எத்தனை மணிக்குப் போக வேண்டும்? ஒரு குழந்தைக்குத் தாயான பிறகும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. இன்றும் பத்து நிமிடம் முன்னதாகவே போய், காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, வேறு யாராவது உள்ளே நுழைகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு எட்டு வயதானபோது நாங்கள் நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். இரண்டாயிரமாவது ஆண்டு பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களில் தேதியைச் சரிசெய்துவிட வேண்டும் என்று எல்லோரும் பதறிய காலம். அப்பாவுக்கு அதுதான் வேலை. எதிர் வீட்டில் டிரினிடாட் தீவிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு. எனக்கிருந்த ஒரே தோழி. பள்ளி விட்டதும், அம்மா ஆபீஸிலிருந்து வரும்வரை அவர்கள் வீட்டில்தான் இருப்பேன். அந்த ஆன்ட்டி எதற்கும் ஓடி நான் பார்த்ததில்லை. காலையில் ஸ்கூல் பஸ் வந்து நின்ற பிறகும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வருவார். டிரைவரும் சிரித்தபடி காத்திருப்பார். எங்களுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. நாங்கள் யாரையும் காக்க வைத்ததும் இல்லை.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தோழிக்குப் பிறந்தநாள். இரண்டு மணி என்றார்கள். சரியாக இரண்டுக்கு அப்பா மணியை அழுத்தினார். தலையில் முடி சுருட்டும் ரோலர்களோடு ஆன்ட்டி கதவைத் திறந்தார். பலூன்கள் பாக்கெட்டிலேயே இருந்தன. கோழி மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியையும் வெங்காயத்தையும் கொடுத்துவிட்டார். அடுத்து எடிசன் என்ற ஊரில் ஒரு வீட்டுப் பூஜைக்குப் போக வேண்டியிருந்ததால் அம்மா பட்டுப்புடவையில் இருந்தார். அப்படியே உட்கார்ந்து நறுக்கினார். அப்பா இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்தில், சோபாவின் நுனியில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு எழுந்துவிட்டார்.

பாதி பின்னிய தலையோடு தோழி வாசலுக்கு ஓடி வந்தாள்.

“பட் நோபடி இஸ் ஹியர் யெட்!”

“வி வேர் ஹியர்,” என்றேன் நான், அப்பாவின் குரலில்.

காரில் அப்பா பொரிந்து தள்ளினார். “சொன்ன டைம்னு ஒண்ணு கிடையாதா? நம்மள என்ன வேலவெட்டி இல்லாதவங்கன்னு நெனச்சாங்களா?”

“எடிசன்ல நாலு மணின்னிருக்காங்க. எப்ப ஆரம்பிப்பாங்க?” என்றார் அம்மா.

“ஆறு ஆகும். நம்மாளுங்கள தெரியாதா?”

“அத மட்டும் சிரிச்சிக்கிட்டே சொல்றீங்க.”

“அது வேற.”

ஆறுக்குத்தான் ஆரம்பித்தார்கள். அப்பா யாரையும் கோபிக்கவில்லை. நாங்கள் வீடு திரும்பியபோது ஏழே முக்கால். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர் வீட்டில் பாட்டும் சிரிப்பும் கேட்டன. காலணியைக் கழற்றுவதற்குள் கதவு தட்டப்பட்டது. மஞ்சள் கவுனில் ஆன்ட்டி நின்றிருந்தார். ஐந்து நிமிடம் குழந்தையை அனுப்புங்கள், கேக் காத்துக்கொண்டிருக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் தோழி, கைப்பிடியில் ரிப்பன் கட்டிய கத்தியைப் பிடித்தபடி.

அப்பா என்னைப் பார்த்தார். “போறியா?”

அவர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நான் பல வருடங்கள் மாற்றி நினைவு வைத்திருந்தேன். நான்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரைக்குப் படுக்க வேண்டும். நாளைக்குப் பள்ளி.

“இட்ஸ் டூ லேட்,” என்றேன்.

தோழி கத்தியைத் தாழ்த்திக்கொண்டாள். ஆன்ட்டி “ஓகே, டார்லிங்” என்று அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆன்ட்டி ஒரு தட்டில் கேக் வைத்துக் கொடுத்தார். அப்போதுதான் சொன்னார். அவர்கள் ஊரில் பிறந்தநாள் குழந்தை தனக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு பேரும் ஒரே கத்தியைப் பிடித்துக் கேக்கை வெட்டுவார்கள். அவள் என்னைச் சொல்லியிருந்தாள். ஐந்து மணியிலிருந்து எல்லோரும் கேட்டுப் பார்த்தும் வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் தனியாகவே வெட்டினாளாம்.

நான் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, “நீங்க ரெண்டு மணிக்கே வெட்டியிருந்தா நான் இருந்திருப்பேனே,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கணக்குக்குச் சரியான பதில் சொன்ன திருப்தி எனக்கு. அதன் பிறகு பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆகஸ்டில் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு வீடு நிறைய மனிதர்கள் சாப்பிட்ட பிறகும் எனக்காகவே கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. நேரம் தெரியாதவர்கள் என்றுதான் நினைத்தேன்.

வருகிற சனிக்கிழமை என் மகளுக்கு ஆறு வயது. ஹாலை இரண்டரையிலிருந்து நாலரை வரைதான் தருகிறார்கள். மூன்றேகாலுக்குக் கேக் என்று அழைப்பு அட்டையிலேயே அச்சடித்துவிட்டேன். அவளுடைய தோழி வீட்டில் எதற்கும் ஒரு மணிநேரம் தாமதமாகத்தான் வருவார்கள். “கேன் வி வெயிட் ஃபார் ஹெர், அம்மா?” என்று இரண்டு நாளாகக் கேட்கிறாள். மற்ற இருபது குழந்தைகளும் அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் கண்முன் வருகிறார்கள். நீங்களாக இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? சனிக்கிழமைக்குள் யாராவது எழுதுங்கள்.