பதினாறு கூட்டச் சொன்னவர்

மாத்தளைக்குப் பக்கத்தில், யட்டவத்தையில் ஒரு மசாலாக் கடையின் பின்கட்டில் ஏழு பெண்கள் கராம்பு, மிளகு, சாதிக்காய் தரம் பிரித்துப் பொதி செய்கிறோம். போன வருடம் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் அங்கே வரத் தொடங்கினார். வெள்ளைச் சட்டை, மென்மையான பேச்சு. முதலாளிக்கு வேண்டியவர். மனதில் நினைக்கும் எண்ணைப் படித்துத் தலைவிதியைச் சொல்லிவிடுவார் என்றார்கள்.

ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார். என் முறை வந்தது.

"ஒரு எண் நினைங்க, சொல்லாதீங்க. அத ரெண்டு மடங்காக்குங்க. பன்னிரண்டு கூட்டுங்க. பாதியாக்குங்க. முதல்ல நினைச்சதக் கழிங்க."

கண்ணை மூடிக்கொண்டு, "ஆறு" என்றார். சரியாக இருந்தது. நானும் நம்பினேன், அதை மறைக்க மாட்டேன். சுக்கிரனுடைய எண்ணாம், நன்றாக இருப்பேனாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அக்கா அழுதுகொண்டே திரும்பி வந்தார். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. அப்போதுதான் மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

"எனக்கு எட்டாம். சனியோட எண்ணாம். வயித்துல பிள்ளை தங்காதுங்கிறாரு. கிளினிக்க விட்டுட்டு அவரு தர்ற நூலக் கட்டச் சொல்றாரு."

அந்த வாரம் அக்கா கிளினிக்குக்குப் போகவில்லை.

அது என்னை அறுத்தது. பஸ்ஸில் நின்றபடி வேறொரு எண்ணை நினைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறு. இன்னொன்று. ஆறு. முன்னால் போன லொறியின் இலக்கத்தைப் போட்டேன், அதற்கும் ஆறுதான். நான் எதை நினைத்தாலும் அது கடைசியில் கழிந்து போய்விடுகிறது. மிஞ்சுவது அவர் கூட்டச் சொன்னதில் பாதி. பன்னிரண்டில் பாதி.

மறுநாள் கேட்டேன். "அக்கா, உங்கள எத்தனை கூட்டச் சொன்னாரு?"

"பதினாறு."

ஒரே அளவில் கட்டிய இரண்டு கராம்புப் பைகளை அவர் முன்னால் வைத்தேன். "இதுக்குள்ள எத்தனை கராம்புன்னு யாருக்கும் தெரியாது. நீங்க நினைச்ச எண் ஒரு பை. ரெண்டு மடங்குன்னா ரெண்டு பை. பதினாறு கூட்டச் சொன்னாரு." பதினாறு சாதிக்காயைப் பக்கத்தில் எண்ணி வைத்தேன். "இப்ப பாதி எடுங்க. ஒரு பை, எட்டு சாதிக்காய். நினைச்ச பைய எடுத்துருங்க. என்ன மிச்சம்?"

அக்கா எட்டுச் சாதிக்காயையும் திரும்ப எண்ணிப் பார்த்தார். பிறகு கோபப்பட்டார். "உனக்கென்ன, உனக்கு ஆறு வந்திச்சு."

அடுத்த வாரம் வெள்ளைச் சட்டைக்காரர் வந்தபோது முதலாளியும் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"முதலாளி, ஒரு எண் நினைங்க. ரெண்டு மடங்காக்கிப் பதினாறு கூட்டுங்க. பாதியாக்கி, நினைச்சதக் கழிங்க. எட்டுதானே?"

முதலாளி சிரித்துவிட்டார். "அட, ஓம், எட்டுதான். எப்படிப் புள்ள சொன்ன?"

"அப்ப உங்களுக்கும் சனியோட எண். ஆனா உங்களுக்கு நாலு பிள்ளைங்க இருக்காங்களே?"

சிரிப்பு நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் முகம் கறுத்தது. "தெய்வ காரியத்துல விளையாடாத தங்கச்சி. நாக்கு அழுகிப் போகும்."

"தெய்வத்த இழுக்காதீங்க. அக்காவப் பத்துக் கூட்டச் சொல்லியிருந்தா அஞ்சு வந்திருக்கும். பதினாறுன்னு எடுத்தது நீங்க."

அவர் போய்விட்டார். முதலாளி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். மறுநாளிலிருந்து என்னை வெளிமுற்றத்தில் வெயிலில் மிளகு காயப்போட அனுப்பினார். காயப்போட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவரே உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

அக்கா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை, லீவு எடுத்துக்கொண்டு புருஷனையும் கூட்டிப்போய் கிளினிக்கில் புதிதாகத் திகதி வாங்கி வந்தார். இதுவரை குழந்தை இல்லை. வைத்தியம் நடக்கிறது. வயிற்றைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "டொக்டர் சொல்லட்டும், நீங்க வேலையப் பாருங்க" என்று அவரே சொல்லிவிடுகிறார்.

அந்த மனிதர் இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தையல் கடைக்குப் போகிறாராம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எங்கள் பஸ்ஸில்தான் வருகிறார்கள். இந்தக் கணக்கை ஆறு பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.