அன்னமயில் கம்பு அவல்

காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் எங்கள் கம்பு அவலுக்கு ‘அன்னமயில்’ என்று பெயர். அன்னம் என்றால் சோறு, மயில் முருகனுக்காக என்று வாங்குகிறவர்களே பொருள் சொல்லிக்கொள்கிறார்கள். கோரிப்பாளையத்துக் கடைக்காரர் ஒருவர் அதற்கு ஒரு தலபுராணமே வைத்திருக்கிறார். நான் மறுப்பதில்லை. வியாபாரம் நடக்கிறது.

உண்மையில் அது என் அம்மாவின் பெயர். அத்தைக்கும் அதே பெயராக இருந்ததுதான் சிக்கல். அத்தை அப்பாவுக்கு மூத்தவர், அவரை வளர்த்தவர். வண்டியூர் வீட்டில் அத்தை சொன்னதுதான் சட்டம். பெரியவள் பெயரைச் சொல்லி இன்னொருத்தியை வேலை ஏவக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே கல்யாணமாகி வந்த அன்றே, பிறந்த ஊரை வைத்து அம்மா ‘கல்லுப்பட்டி’ ஆகிவிட்டாள். அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மா அவலை பாக்கெட் போட்டு விற்க முடிவு செய்தாள். அப்பா ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயரோடு வந்தார். அம்மா, அன்னமயில் என்று போடச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை தட்டைத் தள்ளி வைத்தார்.

“எம்பேரப் போட்டா, கவரைக் கிழிச்சுக் குப்பையில போடுவாங்க. வாரவன் போறவனெல்லாம் மிதிப்பான்.”

“மிதிபடுறது எம்பேரா இருக்கட்டும் மதினி,” என்றாள் அம்மா. “ஒங்க பேரு வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கட்டும்.”

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. வறுக்கும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். கேட்டவர்களிடம், “பேரு வரட்டும், அப்புறம் வறுக்கிறேன்” என்றாள். மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பார்களே, அப்பா அதை நன்றாகவே அனுபவித்தார். கடைசியில் ஒருநாள், யார் முகத்தையும் பார்க்காமல், அச்சடித்த கவர்க் கட்டை அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே போனார். அத்தை வெகுநாள் அம்மாவோடு பேசவில்லை. ஆனால் காலையில் அவல் மட்டும் சாப்பிட்டார்.

கவர் வந்த அன்று அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கவரில் இருந்ததை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன்.

“சத்தமாச் சொல்லு.”

விளையாட நேரமாகிறதே என்று எனக்கு எரிச்சல். கத்திச் சொன்னேன். அவள் கவரைப் பார்க்கவே இல்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது வரை படித்தவளுக்கு இந்த ஒரு வார்த்தையை வாசிக்கத் தெரியவில்லையே என்று நினைத்தபடி விளையாட ஓடினேன்.