சக்களத்தியின் குளிர்கால அடம்

என் வீட்டுக்காரர் பூங்காவில் தோட்ட டிராக்டர் ஓட்டுகிறார். என் இடுப்பு உயரம்கூட வராத சிவப்பு வண்டி. கோடையில் புல் வெட்டும். குளிர்காலத்தில் பின்னால் தொட்டியை மாட்டிவிட்டால் பனி உறைந்த பாதைகளில் மணல் தூவும். அதற்கு நான் வைத்த பெயர் சக்களத்தி. எனக்குத் தலைவலி என்றால் "மாத்திரை போட்டியா" என்று கேட்கத் தோன்றாத மனுஷன், அதனிடம் தினமும் ஆயில் போதுமா என்று விசாரிப்பார். எங்கள் குடியிருப்பு வண்டிக் கொட்டகைக்கு அடுத்த சுவர். இந்தக் கொஞ்சலை எல்லாம் சமையலறையில் நின்றபடியே நான் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

போன வருஷம்வரை அவருக்கு நல்ல தொப்பை. டாக்டர் திட்டி அனுப்பினார். விஷயம் பூங்கா மேனேஜர் காதுக்குப் போனது. "உடம்பைக் குறைங்க. இல்லேன்னா வண்டியை விட்டுட்டு டிக்கெட் கவுண்டர்ல உட்காருங்க" என்று சொல்லிவிட்டார். டிக்கெட் கவுண்டர் ஜன்னல் வைத்த ஒரு மரப்பெட்டி. அதற்குள் உட்காருவதை நினைத்தாலே இவருக்கு வேர்க்கும்.

நான் களத்தில் இறங்கினேன். சோற்றை அளந்து போட்டேன், எண்ணெயை மறைத்து வைத்தேன். மனுஷன் மளமளவென்று இளைத்தார். பெல்ட்டில் ஓட்டை போதாமல் நானே ஆணியைச் சூடுபண்ணி புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் அந்த பெல்ட்டைக் காட்டிப் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அப்புறம் குளிர் வந்தது. சக்களத்தி அடம்பிடிக்க ஆரம்பித்தாள். சாவியைத் திருப்பினால் முக்கல் இல்லை, முனகல் இல்லை. காலையில் கல்லாகக் கிடப்பாள்; வெயில் ஏறியபிறகு போனால் போகிறது என்று கிளம்புவாள். அதற்குள் பாதையில் இரண்டு பேர் வழுக்கி விழுந்திருந்தார்கள். மேனேஜர் கறாராகச் சொன்னார்: "நாளைக்கு கேட் திறக்கறதுக்குள்ள மணல் போட்டிருக்கணும். இல்லேன்னா வண்டி பழைய இரும்புக்கு, நீங்க கவுண்டருக்கு."

அன்று இரவு பாட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து, என் கம்பளியை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டார். நான் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தேன். என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் பாட்டரியை மாட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்ரோல் புதுசு. பிளக்கைத் துடைத்து மாட்டினார். சோக்கை இழுத்தார், விட்டார். பெடலை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். மூச்சே இல்லை.

நான் டீயோடு போனேன். மூக்கு சிவந்து, கையெல்லாம் கிரீஸோடு நின்றார். என்னைப் பார்த்ததும், "நீ ஏறி உட்காரு. பெடலை மிதிச்சுக்கிட்டு சாவியைத் திருப்பு. நான் ஸ்டார்ட்டரைத் தட்டிப் பாக்கறேன்" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். அவர் சுத்தியலை ஓங்குவதற்குள் சாவியைத் திருப்பிவிட்டேன். வண்டி படபடவென்று கிளம்பிவிட்டது.

"நீ என்ன பண்ணின?"

"திருப்பச் சொன்னீங்க, திருப்பினேன்."

"சரி, இறங்கு இறங்கு."

இறங்கினேன். பொசுக்கென்று அணைந்தது. அவர் ஏறித் திருப்பினார், சத்தமில்லை. நான் ஏறித் திருப்பினேன், ஓடியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இத்தனை வருஷமா சோறு போட்டவன் நான். இவ உன் பேச்சைக் கேக்கறாளா?"

"பொம்பளைக்குப் பொம்பளை ஒரு இது இருக்கும்ங்க" என்றேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு பொத்தான் இருந்தது. ஆள் உட்கார்ந்து அது அமுங்கினால்தான் வண்டி கிளம்பும், ஓடும். ஆள் எழுந்தால் அணைந்துவிடும். யாருக்கும் அடிபடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் குளிரில் கட்டையாக இறுகிக் கிடந்தது. அவர் பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தன் பெல்ட்டைப் பார்த்தார்.

"என் எடை பத்தல" என்றார் மெதுவாக.

கேட் திறக்க நேரமாகிவிட்டது. வேறு யோசனை ஓடவில்லை. அவர் உட்கார, அவர் மடியில் நான் உட்கார, சக்களத்தி எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு மணல் தூவப் புறப்பட்டாள். நடக்க வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று வாயைப் பிளந்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் முதல் திருப்பத்தில் அவர் தொடை எலும்பு என்னைக் குத்தியது. முதுகில் அவர் விலா எலும்பு தட்டியது. இவ்வளவு இளைத்துவிட்டாரா? எனக்குச் சிரிப்பு நின்று அழுகை வந்தது. பெல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என்மேலேயே கோபம் வந்தது.

மேனேஜர் கேட்டருகில் மறித்தார். "என்ன இது கூத்து?"

இவர் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் பின்னால் எட்டிப் பார்த்தார். "தொட்டிக்கு மேல மணல் மூட்டை அடுக்கியிருக்கே. அதுல ஒண்ணை மடியில வச்சுக்கிட்டா ஆகாதா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் மரியாதையாக இறங்கினேன். மூட்டை ஏறியது. பாதை முழுக்க மணல் விழுந்தது. கவுண்டர் பேச்சை மேனேஜர் அப்புறம் எடுக்கவில்லை.

மதியம் கொட்டகைக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். டப்பாவைத் திறந்ததும் அவர் கரண்டியால் சோற்றின் நடுவே ஒரு கோடு கிழித்தார்.

"என்ன கோடு அது?"

"இந்தப் பாதி எனக்கு. அந்தப் பாதி புறாவுக்கு."

"நான் போடறதே அரை வயித்துக்குத்தானே. அதுலயும் பாதியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்சம் ஏறினாலும் வண்டியை வாங்கிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

சக்களத்தியைக் காப்பாற்றத்தான் பட்டினி கிடந்திருக்கிறார். அவளோ லேசாகிவிட்டார் என்று அவரையே ஒதுக்கிவிட்டாள். கரண்டியைப் பிடுங்கி அந்தக் கோட்டை அழித்தேன்.

"முழுசையும் சாப்பிடுங்க. புறாவா வந்து வண்டி ஓட்டப் போகுது?"

அவர் சாப்பிட்டார். சீட்டின் மேல் கிடந்த மணல் மூட்டையைப் பார்த்தபடியே கேட்டார்: "அதை எப்ப இறக்கலாம்?"

"நான் ஆணியால போட்ட ஓட்டையெல்லாம் உங்களுக்கு இறுக்கமாப் போற அன்னைக்கு" என்றேன்.