நான் துவக்கு வாங்கிய கதை

நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு வந்த நான்காவது வருஷம் எனக்குத் துவக்குப் பைத்தியம் பிடித்தது. இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிச் சாப்பாடு, பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை. இப்படிப்பட்ட ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேட்டைச் சஞ்சிகையை விரித்து வைத்துக்கொண்டு, குழலின் நீளத்தையும் விசையின் இறுக்கத்தையும் மனப்பாடம் செய்தால் அதற்கு வேறு என்ன பெயர்?

பற்றவைத்தவள் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த வெள்ளைக்காரி. அவளுடைய தம்பிக்குக் கைபாராப் பக்கம் பண்ணை இருந்தது. அங்கே காட்டாடுகள் பெருகி, புதிதாக நட்ட பைன் கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன, சுட ஆள் போதாது என்று ஒருநாள் தேநீர் குடித்தபடி சொன்னாள். என் காதில் விழுந்தது ஆடு என்ற சொல் மட்டும்தான். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து இறைச்சிக்கடைகளில் கிடைத்ததெல்லாம் செம்மறி. அதை எத்தனை கரண்டி சரக்குத்தூள் போட்டுச் சமைத்தாலும், இது ஆட்டுக்கறிதான் என்று என் நாக்கை நம்பவைக்க முடியவில்லை. நானும் வரட்டுமா என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

அவள் முதலில் தகரப் பேணிகளில் பழக்கினாள். புல்லில் குப்புறப் படுத்து, கட்டையைத் தோளோடு அணைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைச் சுண்டி இழுக்காமல் மெல்ல அழுத்தவேண்டும். துவக்குச் சத்தம் எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்டதும் தரையில் விழுந்து படுத்த வருஷங்கள் பல. ஆனால் அதுவரை நான் அந்தச் சத்தத்தின் மற்றப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். இந்த முறை தோளில் ஓர் உதை விழுந்தது. நூறு யார் தள்ளி வேலிக்கட்டையில் இருந்த பேணியைக் காணவில்லை. இரண்டாவது பேணியும் போனது. மூன்றாவதும் போனது. இதற்கு முன் சுட்டிருக்கிறாயா என்று அவள் கேட்டாள். இல்லை என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டியில்கூட நாலாவதாக வந்தவள் நான். என் கைக்கு இப்படி ஒன்று வாய்த்திருக்கிறது என்பது முப்பத்தாறு வருஷமாக யாருக்கும், எனக்கும்கூட, தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று பின்னேரமே ஓர் ஆடும் விழுந்தது.

என் கணவர் பொறியியல் வரைபடம் கீறுகிறவர். ஒரு கோடு அரை மில்லிமீற்றர் விலகினாலும் அன்றிரவு அவருக்கு நித்திரை வராது. நான் கொண்டுவந்த இறைச்சியை மூன்று தரம் கேட்டுப் போட்டுச் சாப்பிட்டார். இன்னொருத்தியின் துவக்கைக் கடன் வாங்கிக்கொண்டு எத்தனை நாள் போவது, எனக்கென்று ஒன்று வேண்டும் என்று நான் சொன்னதும் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். நீர் காசு குடுத்து ஒண்டை வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறீர்."

"அது மற்றவன்ர கையில இருந்தது. இது என்ர கையில இருக்கப்போகுது."

"ரெண்டும் துவக்குத்தான்."

"கறி எப்பிடி இருந்தது?"

"கறியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே."

அடுத்த சனிக்கிழமை ஃபோர்க்லிஃப்ட்காரி என்னைத் துவக்குக் கடைக்குக் கூட்டிப்போனாள். சேலைக்கடையில்கூட நான் அப்படித் தவித்ததில்லை. கடைக்காரர் நரைத்த தாடிக்காரர். இரண்டு துவக்குகளை எடுத்து ஒரு பச்சைக் கம்பளத்தில் கிடத்தினார். முதலாவது மலிவானது. மங்கிய மரம், வார்னிஷ் தடிப்பாகப் பூசியிருந்தது. பின்பக்கத்து போல்ட்டை இழுத்தபோது மழைக்காலத்தில் ஊதிப்போன மேசை லாச்சி போல மனமில்லாமல் வந்தது. இரண்டாவது பின்லாந்தில் செய்தது. அக்ரூட் மரக்கட்டையில் மெல்லிய ரேகைகள் ஓடின. போல்ட்டை இரண்டு விரலால் தொட்டேன், அது தானாக வழுக்கிப் போய்ப் பூட்டிக்கொண்டது. தோளில் வைத்தபோது எனக்கே அளவெடுத்துச் செய்ததுபோல் வந்து உட்கார்ந்தது. திருப்பிக் கொடுக்க மனம் வராமல் கொடுத்தேன். விலை மலிவானதைப்போல மூன்று மடங்கு.

எது நல்லது என்று கேட்டேன். ஆள் நேர்மையானவர். இரண்டும் ஆட்டைச் சாகடிக்கும், ஆடு விலை கேட்பதில்லை என்றார். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டு, மலிவானதைப் பத்து வருஷத்தில் மாற்ற நினைப்பாய், மற்றதை உன் பேரப்பிள்ளை கொண்டுபோவான் என்றார். லைசென்ஸ் வரும்வரை இரண்டையும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்று ஒரு காகிதத் துண்டில் என் பெயரை எழுதிக் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. காலையில் ஹென்டர்சனில் ரயில் ஏறினால் மலிவான துவக்கு, நியூமார்க்கட்டில் மாறி ஏறினால் விலை கூடிய துவக்கு என்று மனம் இரண்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருந்தது. பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். அங்கே இருபது ஆண்கள், நான் ஒருத்தி. சோதனையில் ஒரு விடைகூடப் பிழையாகவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மகனின் கணிதப் பரீட்சைத் தாளுக்கு மேலே ஒட்டினேன்.

கணவர் கொஞ்சம் இறங்கி வந்தார். துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியைச் சேலை அலுமாரிக்குள் அவரே அளந்து, சுவரோடு சேர்த்துத் திருகாணி முறுக்கித் தந்தார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

"வாங்கிறதெண்டால் மலிவானதை வாங்கும். விட்டிட்டுப் போகேக்க மனம் நோகக்கூடாது."

அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். யாழ்ப்பாணத்தில் பார்த்துப் பார்த்துச் செய்வித்த தேக்கு மேசை, வாங்கி எட்டு மாதமே ஓடிய மோட்டார் சைக்கிள், கொழும்பில் வாங்கிய தையல் மெஷின் எல்லாம் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அவர் நல்ல பொருள் எதையும் வாங்க விட்டதில்லை. எங்கள் சோஃபா யாரோ வீதியோரத்தில் போட்டது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு நிறத்தில் நாலு பிளாஸ்டிக் கதிரைகள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் அவரைக் கேலி செய்வேன். இந்த நாட்டில் எங்களை யார் துரத்தப்போகிறார்கள் என்று சண்டையும் பிடிப்பேன். அந்தப் பின்லாந்துத் துவக்கை நான் அவ்வளவு ஆசைப்பட்டதற்கு அதன் போல்ட் மட்டும் காரணமில்லை. விட்டுவிட்டுப் போக முடியாத ஒரு பொருள் என் வீட்டில் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

லைசென்ஸ் தருவதற்கு முன் பொலிஸிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். விண்ணப்பித்தவரோடு தனியாகவும், வீட்டுக்காரரோடு தனியாகவும் கதைப்பார். வீட்டுக்காரர் தயங்கினால் லைசென்ஸ் இல்லை. ஆகவே என் துவக்கு இப்போது கணவரின் வாயில் இருந்தது.

அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தார். நீலச் சட்டை, நல்ல உயரம், வாசலில் சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்ட மனிதர். முதலில் என்னோடு கதைத்தார். இரும்புப் பெட்டியை இழுத்துப் பார்த்து, நல்ல வேலை என்று பாராட்டினார். பிறகு நான் குசினிக்குப் போக, கணவரோடு வரவேற்பறையில் உட்கார்ந்தார். கதவு மெல்லியது. நான் வெங்காயம் உரிக்கும் சாட்டில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மனைவி துவக்கு வைத்திருப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டது காதில் விழுந்தது. பிறகு கதிரை நகரும் சத்தம். எட்டிப் பார்த்தேன். கணவர் எழுந்து நேராக நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து வேலை அடையாள அட்டையை எடுத்து, கேட்காமலேயே நீட்டினார்.

"துவக்கு ஒன்றும் இந்த வீட்டில் இல்லை, சேர். என் மனைவிக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் தொட்டதுகூட இல்லை."

அதிகாரி குழம்பிப்போனார். விண்ணப்பித்திருக்கிறாரே, சோதனையில் பாஸ் பண்ணியிருக்கிறாரே என்றார்.

"ஏதோ தவறு நடந்திருக்கிறது, சேர்."

அப்படியென்றால் அலுமாரிக்குள் அந்த இரும்புப் பெட்டி எதற்கு?

"நகை வைக்க, சேர்."

என் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியையும் இரண்டு காப்பையும் தவிர எங்களிடம் நகையே இல்லை. எல்லாம் விமானச் சீட்டாகப் போனவை. அதிகாரி மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்தார். என்னிடமும் விடைபெற்றுக்கொண்டு, கணவர் சொன்னதை அப்படியே எழுதவேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் கத்தியதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருப்பார். மூன்று மாதம் நான் பட்ட பாட்டை மூன்று நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டீர்கள் என்றேன். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே, எதற்குப் பொய் என்றேன். அவர் இன்னும் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"வேணுமெண்டு சொல்லேல்ல. பொலிஸ்காரன் துவக்கெண்டு கேட்டவுடன வாய் தானா இல்லை எண்டு சொல்லிப்போட்டுது."

எனக்குக் கோபம் அப்படியே வடிந்துபோனது. ஊரில் எங்கள் முற்றத்தில் யாரோ ஒரு குழந்தை பொறுக்கிப் போட்ட வெற்றுத் தோட்டாவுக்காக அவரைப் பொலிஸில் ஓர் இரவு முழுக்க வைத்து விசாரித்திருக்கிறார்கள். விடியக் கூட்டிவந்தபோது அவரால் கதைக்க முடியவில்லை. அவர் உயிரோடு வந்ததே அன்று ஆயிரம் தரம் இல்லை என்று சொன்னதால்தான். அதை நான் எப்படி மறந்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. துவக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இருங்கள், தேத்தண்ணி போடுகிறேன் என்றேன்.

அவர் இருக்கவில்லை. வெறுங்காலோடு வெளியே ஓடினார். அதிகாரி தெருமுனையில் காருக்குள் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலால் பார்த்தேன். கணவர் கண்ணாடியில் தட்டினார். அதிகாரி இறங்கி வந்து காரில் சாய்ந்துகொண்டார். என்னிடமே அரைகுறையாகச் சொன்ன கதையை அவர் ஒரு நீலச் சட்டைக்காரனுக்கு, கைகளை ஆட்டி ஆட்டி, நடுவீதியில் நின்று முழுக்கச் சொன்னார். அதிகாரி ஒரு தரமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் திரும்பி உள்ளே வந்தார்கள். அதிகாரி அதே கதிரையில் இருந்து, அதே கேள்வியை முதல் தரம் கேட்பதுபோலக் கேட்டார். இந்த முறை கணவர் எழும்பவில்லை.

"என் மனைவி என்னைவிட நன்றாகச் சுடுவாள், சேர். நான் சுட்டதே இல்லை. அவளுக்குக் கோபம் வரும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் துவக்கு பிடிக்கும்போது மட்டும் அவள் பொறுமைசாலி என்று சொல்கிறார்கள்."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார்.

லைசென்ஸ் வந்த சனிக்கிழமை கணவரும் கடைக்கு வந்தார். தாடிக்காரர் என் பெயர் கட்டிய இரண்டு துவக்குகளையும் எடுத்து அதே பச்சைக் கம்பளத்தில் கிடத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை இரவு இந்த நிமிஷத்தை நினைத்துப் புரண்டிருப்பேன். அக்ரூட் மரத்தைத் தடவிப் பார்த்தேன். போல்ட்டை ஒரு தரம் தள்ளினேன். பிறகு என் கை தானாகப் போய் மலிவானதைத் தூக்கியது. இதையே எடுக்கிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். நான் சொன்னது என் காதிலேயே விழுந்து எனக்குத் திகைப்பாக இருந்தது.

"ஏன் அதை எடுக்கிறீர்?" என்றார் கணவர்.

"இது காணும். நாளைக்கு எங்கையாவது போகவேண்டி வந்தால்..."

இத்தனை வருஷமும் எந்தப் பேயைச் சொல்லி அவரை நையாண்டி செய்தேனோ, அது எனக்குள்ளும் குடியிருந்திருக்கிறது. அவர் என் கையிலிருந்த துவக்கை மெல்ல வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துவக்கைத் தொட்டார் என்று நினைக்கிறேன். அதைக் கடைக்காரர் பக்கம் தள்ளி வைத்தார்.

"இனி நாங்கள் எங்க போறது? நீர் மற்றதை எடும்."

நான் கடையின் நடுவில் நின்று விம்மி விம்மி அழுதேன். தாடிக்காரர் பாவம், விலையைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்து, குறிபார்க்கும் ஸ்கோப் ஒன்றைப் பாதி விலைக்குத் தந்தார்.